மீட்டரில் ஏறாதது

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்த பிறகும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

பாக்கியலக்ஷ்மி மரக்கட்டிலின் மேல் கால்களை மடித்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை கொட்டும் ஓசைக்கு அடியில், சந்து வழியே தண்ணீர் சளசளத்துப் போகும் ஓசைக்கும் அடியில், ஒரு முனகல் இருந்தது. நெஞ்சில் சளி கட்டிய ஒருவர் வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவதைப் போன்ற, தாழ்ந்த, விடாத முனகல். மின்விசிறி நின்றிருந்தது. ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. வாசல் கதவை ஒட்டிய சுவரில் எட்டு மாதங்களுக்கு முன் மாட்டிய ப்ரீபெய்டு மீட்டரைப் பார்த்தாள். வீட்டில் ஒரு பல்பு எரிந்தாலும் அதில் கடுகளவு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது அந்தச் சிமிட்டலைப் பார்த்தே அன்றைக்கு எவ்வளவு தீர்ந்திருக்கும் என்று அவளால் சொல்லிவிட முடியும். இப்போது அது சிமிட்டவில்லை. மீட்டரைக் கேட்டால் இந்த வீட்டில் எதுவுமே ஓடவில்லை.

பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். அந்த வீட்டில் யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கர்க்கடக வாவு, இவர்கள் வீட்டுப் பேச்சில் ஆடி அமாவாசை. வலப்பக்கத்து வீட்டார் விடியுமுன்பே ஆலுவா மணப்புறத்துக்கு, இறந்தவர்களுக்குப் பலிச்சோறு வைக்கப் போயிருந்தார்கள். இடப்பக்கம் சுக்கும் மிளகும் அடுக்கிய பழைய கோடவுன், விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்தது. அதன் சுவர் இவர்களுடைய ஒரே ஜன்னலுக்கு முன்னால் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாசி பிடித்து நின்றது. மட்டாஞ்சேரியின் இந்தச் சந்தில் பகல் வெளிச்சம் எப்போதுமே கொஞ்சம் கடனாகத்தான் வரும். இன்றைக்கு, மதியம் பன்னிரண்டு ஆகவில்லை, அதுவும் வரவில்லை.

அவள் கணவன் இசக்கிதுரை, தன் அப்பா பாலையாவுக்குத் தர்ப்பணம் செய்ய, மகள் அஞ்சுவைக் கூட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கே ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குப் போயிருந்தான். பாக்கியலக்ஷ்மி இரண்டு நாள் இடக்கொச்சியில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள். சமையல் பாக்கி இருந்ததால் போகவில்லை. கிளம்புமுன் பின்னறையில் இறந்தவருக்கு இலை போட்டு, சோறும் மீனும் இளநீரும் வைத்து, கதவைச் சாத்துவது இந்த வீட்டு வழக்கம். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை யாரும் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது. பன்னிரண்டு வருடமாக இலை போடுவது அவள் வேலை. இந்த வருடம் அவள் வந்து சேர்வதற்குள் இசக்கிதுரையே போட்டு, சாத்தி, தாழ்ப்பாளும் இட்டிருந்தான்.

"திறக்காதே, என்ன? எட்டிக்கூடப் பார்க்காதே," என்றான் செருப்பை மாட்டிக்கொண்டே. "அப்பா சாப்பிடட்டும்."

"எனக்கா சொல்றீங்க? அவருக்கு இத்தனை வருஷம் வெச்சது நீங்களா, நானா?"

"சொல்லி வெச்சேன். அவ்வளவுதான்."

ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி மூன்றாவது முறையாகச் சொன்னான். அஞ்சு பக்கத்திலிருந்து சிரித்தாள். "அப்பா ரொம்ப பக்தியாயிட்டார் அம்மே. செம்மீனுக்கு விலை ஏறினா இப்படித்தான்."

முனகல் அந்தப் பின்னறையிலிருந்துதான் வந்தது.

தண்ணீர் வருவது இந்தச் சந்துக்குப் புதிதல்ல. அமாவாசை, பௌர்ணமியில் காயல் நீர் ஏறும். அதோடு மழையும் சேர்ந்தால் ஓடை கடலுக்குப் போவதற்குப் பதில் வீட்டுக்குள் வரும். பதினொன்றரைக்குக் குளியலறைத் துவாரத்தில் கொப்பளித்து, பிறகு வாசற்படியைத் தாண்டி வந்தது. பாக்கியலக்ஷ்மி பதறவில்லை. மெயினை அணைத்தாள். அரிசி மூட்டையையும் அஞ்சுவின் பிளஸ் டூ புத்தகங்களையும் கட்டிலில் ஏற்றினாள். வாசல் கதவைச் சாத்தி, வருகிறவர்களுக்காகத் தாழ் போடாமல் விட்டாள். கெண்டைக்கால் அளவு தண்ணீரில் நடந்து வந்து கட்டிலில் ஏறினாள். மாமனாரின் ஆஞ்சிலி மரக்கட்டில், உயரமான கட்டில். ஒன்றரை மணி நேரத்தில் ஏறிய காயல் இறங்கும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தண்ணீரோடு சாக்கடை வாடையும், ஊறிய சாக்கின் வாடையும், கோடவுனிலிருந்து சுக்கின் காரமும் உள்ளே வந்திருந்தன. விரல் நீளச் சிறு மீன்கள் ஏழெட்டும் வந்திருந்தன. அவை கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே கூட்டமாகப் போய்த் திரும்பின. அஞ்சு சிறுமியாக இருந்தபோது இவற்றைச் சொம்பில் பிடித்து வைத்துக்கொண்டு பேர் வைப்பாள். அதை நினைத்துக்கொண்டே பார்த்திருக்கையில் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியது; மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

நின்று, ஒரே பக்கமாகத் திரும்பின. பின்னறைக் கதவுக்கு முகம் காட்டி, யாரோ கூப்பிட்டதைப் போல. பிறகு ஒன்று புரண்டது. அடுத்தது புரண்டது. வெள்ளை வயிறுகள் மேலே வந்து, ஒவ்வொன்றாக, மெல்லச் சுற்றின.

தண்ணீரில் மண்ணெண்ணெய் ஏதாவது கலந்திருக்குமோ என்று குனிந்து பார்த்தாள். மினுமினுப்பு எதுவும் இல்லை. தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் நடுங்கியது. மீட்டர் விளக்குதான் சிமிட்டத் தொடங்கிவிட்டது என்று நிமிர்ந்தாள்.

அது மீட்டர் அல்ல. அதற்கு மேலே, வாசல் நிலைக்கு மேலே, மாமனாரின் போட்டோ. போட்டோவுக்கு முன்னால் இருந்த சின்னச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

எட்டு மாதமாக எரியாத பல்பு.

பாலையா முனிசிபாலிட்டியில் தெருவிளக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் தெருவிளக்கை ஆள் போய்த்தான் போட வேண்டும். தினமும் மாலை ஆறு மணிக்குச் சைக்கிளில் சந்து சந்தாகப் போய்க் கம்பத்துப் பெட்டிகளைத் திறந்து சுவிட்சைத் தட்டிவிட்டு வருவார்; விடிந்ததும் போய் அணைப்பார். அப்படிப் போட்ட விளக்குகளில் ஒன்றிலிருந்து தன் வீட்டுக்கும் ஒரு வயரை இழுத்துக்கொண்டார். கூரைக்கு அடியில், எலிகூட எட்டாத உயரத்தில். "ஊருக்கே வெளிச்சம் போடறேன், எனக்கு ஒரு பல்பு கூடாதா?" என்பார். ஒரு பல்பு பிறகு மின்விசிறி ஆயிற்று; இசக்கிதுரை மீன் வியாபாரத்துக்கு இறங்கியதும் ஃப்ரீசர் ஆயிற்று. இரவெல்லாம் தெருவிளக்கு லைனில் உறைந்தால் பகல் முழுக்கத் தாங்கும். கிழவர் போன பிறகு அவர் போட்டோவுக்கு முன்னால் வைத்த பல்பும் அதே வயரில்தான் எரிந்தது.

ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் அது முடிந்தது. வீட்டு மீட்டர்களில் ஏறுவதையும் டிரான்ஸ்பார்மரிலிருந்து போவதையும் மின்வாரிய ஆபீஸில் உட்கார்ந்தே கூட்டிக் கழித்துப் பார்த்துவிடுகிறார்கள், எந்தச் சந்தில் இடிக்கிறது என்று மறுநாளே தெரிந்துவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. லைனை வெட்டிவிட்டதாக இசக்கிதுரை சொன்னான். அன்று மாலை பல்பு எரியவில்லை. ஃப்ரீசரைத் துடைத்துச் சாத்தினார்கள். பாக்கியலக்ஷ்மிக்கு அது பெரிய நிம்மதி. மாதாமாதம் ரீசார்ஜ் செய்வது கஷ்டமாக இருந்தாலும், கதவு தட்டும் ஓசைக்கு இப்போதெல்லாம் அவள் நெஞ்சு துடிப்பதில்லை.

அதனால்தான் மூன்று வாரம் முன்பு ஆபீஸிலிருந்து மாளவிகா என்ற இளம் இன்ஜினியர் வந்து, டார்ச்சை அடித்து உத்தரம் உத்தரமாகப் பார்த்தபோது அவள் நிமிர்ந்து நின்றாள்.

"சேச்சி, உள்ளத பறஞ்ஞோளூ," என்றாள் அந்தப் பெண். உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

"உள்ளதுதான் மேடம். இந்த வீட்ல திருட்டு லைன் கிடையாது." பக்கத்தில் நின்ற அஞ்சுவின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். "என் பிள்ளை மேல சத்தியம்."

மாளவிகா அதற்கு மேல் தேடவில்லை. கொஞ்சம் சங்கடப்பட்டாள்கூட. "ஐயோ, அதொந்நும் வேண்டா சேச்சி," என்று டார்ச்சை அணைத்துவிட்டுப் போனாள். இசக்கிதுரை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பல்பு மங்கியது. அணைந்தது. ஜன்னலில் கொஞ்சம் வெளுப்பு வந்தது. பின்னறை முனகல் ஒரு செருமலோடு நின்றது.

வாவு நாளில் போனவர்கள் வருவார்கள் என்பதை அவள் எப்போதும் முழுதாக நம்பியதுமில்லை, நம்பாமலிருந்ததுமில்லை. இலை போடுவாள், பிறகு சோறு கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாள். இப்போது அவள் கைகளைக் கூப்பினாள். மாமா, சோறு வெச்சாச்சு, சாப்பிட்டுட்டுப் போங்க என்று மனத்துக்குள் சொன்னாள். ஜன்னல் மறுபடி இருண்டது. மழையின் ஓசை கனத்தது. முனகல் தொடங்கியது. பல்பு சிவந்தது.

பின்னறைக் கதவைத் திறந்தே பார்த்துவிடுவது என்று வலது காலை இறக்கினாள்.

பெருவிரல்தான் பட்டது. யாரோ காலைப் பிடித்து இழுத்ததைப் போலிருந்தது. கையால் பிடிக்கவில்லை, உள்ளே இருந்து, எலும்பைப் பிடித்து. முழங்கால் தானாக மடங்கி மார்பில் இடித்தது. அரிசி மூட்டையின் மேல் மல்லாந்து விழுந்தாள். நாக்கில் இரும்பு வாடை. வெகுநேரம் கால் தன்னுடையதாகவே இல்லை.

மீட்டரைப் பார்த்தாள். சிமிட்டவில்லை.

இசக்கிதுரையைப் போனில் கூப்பிட்டாள். மூன்றாவது முறை எடுத்தான். அவன் குரலுக்குப் பின்னால் காக்கைகளும் ஒலிபெருக்கியும் கூட்டமும்.

"எந்தா பாக்கியம், தண்ணி கேறிச்சா?"

"கேறிச்சு, உள்ள வந்துடுச்சு. ஏங்க, பின்னறையில என்ன ஓடுது?"

"அங்க என்ன ஓடும்? இலைதான் கிடக்கு."

"மெயினை அணைச்சிட்டேன். இருந்தும் ஓடுது. மாமா போட்டோ பல்பு எரியுது. தண்ணியில காலை வெச்சேன், ஷாக் அடிச்சுத் தள்ளிடுச்சு."

காக்கைகள் கத்தின. அவன் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போவது கேட்டது. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அதுவே போதும்.

"வெட்டிட்டேன்னு சொன்னீங்க."

"வெட்டினதுதான். முந்தாநாள் திரும்பக் கொடுத்தேன். ரெண்டே வாரத்துக்கு. ட்ராலிங் தடை தீர்ந்து போட்டெல்லாம் கடலுக்குப் போறதுக்குள்ள செம்மீனை ஹோட்டலுக்குத் தள்ளிட்டா... ப்ரீபெய்டுல ஃப்ரீசரைப் போட்டா எப்படித் திங்குதுன்னு நீயே பாத்தேல்ல."

"அஞ்சு தலையில கை வெச்சேன். நீங்க பாத்துட்டு நின்னீங்க."

"அன்னைக்கு அது சத்தியம்தானே!" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகியிருக்க வேண்டும், குரல் இறங்கியது. "எடீ, கேளு. பயந்து பேடிக்காதே. அதுல பகல்ல ஒண்ணும் வராது. தெருவிளக்கு லைன். ஆறு மணிக்கு மேலதான் உயிர். அப்பா சொன்னது நினைவில்லியா? நீ வேற எதையாவது தொட்டிருப்பே. இறங்கிக் கதவைத் திறந்து வெளிய போ."

"வயர் எப்படிப் போகுது?"

"மேல போனா அந்த மேடம் டார்ச் அடிக்கும். எல்லாரும் மேலதான் நோக்கறா. அதான் நிலையிலேர்ந்து இறக்கி, கீழ, சுவரோரமா ஒரு பைப்புக்குள்ள..."

"கீழயா? காயல் கேறுற வீட்ல கீழயா?"

"பகல்ல வராதுடீ!"

"பல்பு எரியுதுங்க."

"எரியாது."

"நான் பாத்துட்டிருக்கேன்."

ஜன்னலில் கோடவுன் சுவர் கறுத்துக் கிடந்தது. சந்து முனையில் இருக்கும் கம்பத்தின் வெளிச்சம் அதன் மேல் மங்கலாக விழுந்திருந்தது. பகலில், தெருவிளக்கு வெளிச்சம். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. சுவிட்ச் போட இப்போது ஆள் கிடையாது. மீட்டர் மாட்டிய கையோடு பெட்டிகளை எல்லாம் மாற்றி, இருட்டினால் தானே எரியும்படி, வெளுத்தால் தானே அணையும்படி வைத்துவிட்டுப் போனார்கள். ஆறு மணி என்பது பாலையாவின் ஆறு மணி. அவரோடு போய்விட்டது. இப்போது மேகம் எப்போது நினைக்கிறதோ அப்போது ஆறு மணி.

அதைச் சொன்னாள்.

"இறங்காதே," என்றான். வேறு யாருடைய குரலோ போலிருந்தது. "கட்டிலை விட்டு இறங்காதே. நம்ம லைன்மேன் பிஜுவைக் கூப்பிடறேன். ஆபீசுக்குப் பண்ணிடாதே, கேஸாயிடும். நான் வர்றேன், ரோடெல்லாம் தண்ணி... வர்றேன்."

"அஞ்சுவைக் கூட்டிட்டு வராதீங்க. எங்கயாவது விட்டுட்டு வாங்க."

அவன் போனைக் கை மாற்றும் சரசரப்பு.

"ஏங்க?"

"அவ அப்பவே போயிட்டா, பாக்கியம். அம்மா தண்ணியில தனியா கிடப்பாள்னு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டா. இப்ப எத்தணும், வீட்டுக்கு வந்து சேர்ற நேரம்."

அஞ்சுவின் எண்ணை அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது.

மணி வீட்டுக்குள் அடித்தது. வாசல் கதவுக்குப் பக்கத்தில், மீட்டருக்குக் கீழே இருந்த பலகையில், சார்ஜரில் மாட்டியபடி அஞ்சுவின் போன் ஒளிர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. கடற்கரைக் கூட்டத்தில் தொலைந்துவிடும் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரையில் "அம்மா" என்று இருக்கும். அது பலகையில் அதிர்ந்து நகர்ந்து, ஓரம்வரை வந்து, நின்றது.

ஆபீஸின் அவசர எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள். பாக்கியலக்ஷ்மி கன்ஸ்யூமர் நம்பரைச் சொன்னாள். எட்டு மாத ரீசார்ஜில் அது மனப்பாடம். வீட்டுத் தண்ணீரில் கரண்ட் இருக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்றாள்.

விசைகள் தட்டும் ஓசை. "சேச்சீ, ஆ வீட்டில் இப்போ கரண்டே எடுக்குந்நில்லல்லோ." மீட்டரில் லோடு பூஜ்யம் என்று காட்டுகிறது. மெயின் அணைத்திருக்கிறது. பேலன்ஸும் இருக்கிறது, விடுமுறை நாளில் எப்படியும் கட் ஆகாது, பயப்பட வேண்டாம்.

"மீட்டர்ல இல்ல மோளே. மீட்டர்ல வராத கரண்ட்."

"அதெங்ஙனெ சேச்சி?" அது எப்படி.

சொன்னால் அபராதம். சொன்னால் கேஸ், சந்து முழுக்கக் கெட்ட பேர். ஜன்னலில் மழை சாய்ந்து விழுந்தது.

"திருட்டு லைன்," என்றாள். "தெருவிளக்கிலேர்ந்து. எங்க வீட்டுக்காரர் இழுத்தது. என் பிள்ளை வந்துட்டிருக்கா. தெருவிளக்கை அணைங்க, மோளே. சந்தோட சேர்த்து அணைங்க."

அந்தப் பெண்ணின் குரல் மாறியது. செக்ஷன் ஆபீஸுக்கு உடனே சொல்கிறேன், எல்லா இடத்திலும் மரம் விழுந்து ஆட்கள் வெளியில், இருந்தாலும் சொல்கிறேன், தண்ணீரில் இறங்காதீர்கள் என்றாள். போன் துண்டானது.

பிறகு காத்திருப்பது மட்டும்.

பல்பு அணைந்தது.

ஜன்னல் வெளுத்தது. முனகல் இல்லை. மழைகூடச் சற்று மெலிந்தது. கதவு அங்கே இருந்தது. கட்டிலிலிருந்து ஐந்து எட்டு. போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் அஞ்சுவால் உள்ளே வர முடியாது. அது போதும். தான் என்ன ஆனாலும் அது போதும். காலை இறக்கினாள். தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. குளிர்ந்து, அழுக்காக, செத்த மீன் ஒன்று கணுக்காலில் உரசி. இரண்டாவது காலை வைத்தாள். ஓர் எட்டு. இரண்டு எட்டு.

சுவரில் வெளிச்சம் சுருங்கியது.

தலைக்கு மேல் எங்கோ ஒரு மேகம். அவ்வளவுதான். மூன்றாவது எட்டுக்குக் கால் எழுந்தது, உடம்பு கேட்கவில்லை. திரும்பிவிட்டாள். பாய்ந்து கட்டிலின் சட்டத்தைப் பிடித்து ஏறி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு உருண்டாள். திரும்பிப் பார்த்தாள். பல்பு இருண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகுதான் சிவந்தது.

நான்கு நொடி. போயிருக்கலாம். போட்டிருக்கலாம்.

போட்டோவில் பாலையா காக்கிச் சட்டையில் இருந்தார். கீழிருந்து வரும் சிவப்பில் கண்கள் குழியாக, வாய் சற்றுத் திறந்ததைப் போல. வேலைக்குக் கிளம்பும் முகம்.

மறுபடி எரிந்தது. அணைந்தது. நீளமாக எரிந்தது. அணைந்தது. அவள் அதையே பார்த்திருந்தாள். கண் கொட்டவும் பயம்.

சந்தில் ஆட்டோ சத்தம்.

"அஞ்சூ!" என்று கத்தினாள். மழை மறுபடி கூரையில் இறங்கியது, கல் கொட்டியதைப் போல. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஆட்டோ திரும்பிப் போகும் ஓசை. தண்ணீரில் கால் அலையும் ஓசை. சளப். சளப்.

கதவு திறந்தது.

அஞ்சு வாசற்படியில் நின்றாள். பச்சைச் சுடிதாரைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். தலையில் பிளாஸ்டிக் பை. நெற்றியில் சந்தனம், காதில் சொருகிய துளசி. விரலில் இன்னும் தர்ப்பை மோதிரம். கட்டில் மேல் அரிசி மூட்டையோடு நிற்கும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள வராதே! கரண்ட்! அஞ்சூ, கரண்ட்!"

அஞ்சு காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. மேலே பல்பு இருண்டிருந்தது. பாக்கியலக்ஷ்மி இரண்டு கைகளையும் ஆட்டினாள், போ, போ, வெளியே. அஞ்சு தலையை அசைத்தாள். பயப்படாதே என்பதைப் போல. இறங்கினாள்.

தண்ணீர் வெறும் தண்ணீர். ஓர் எட்டு.

"இத்தனை வருஷம் ஆகியும் தண்ணியைக் கண்டா பயமா அம்மே?" இப்போது குரல் கேட்டது. இரண்டு. "அப்பா பிண்டம் வெச்சதும் காக்கா உடனே வந்துது, தெரியுமா?" மூன்று.

ஓடு என்று சொல்வதா, நில் என்று சொல்வதா. திரும்பு என்றால் மூன்று எட்டு. வா என்றால் இரண்டு.

"வா!" என்றாள். "சீக்கிரம் வா, ஓடி வா!" கட்டிலின் ஓரத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

நான்கு. அஞ்சு கையை நீட்டினாள். விரலில் புல் மோதிரம். இன்னும் ஒரு சாண்.

அஞ்சுவின் தோளுக்குப் பின்னால் திறந்த வாசல் இருண்டது.

வாசல் நிலைக்கு மேலே, மெல்ல, அந்தப் பல்பு சிவந்தது.

அஞ்சு சிரித்தபடி நின்றாள். நீட்டிய கை நீட்டியபடி. கண் திறந்தபடி. ஏதோ சொல்ல வந்த வாய் அப்படியே. விழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். துளசி மட்டும் காதில் நடுங்கியது. அவளைச் சுற்றித் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்து, கட்டில் காலைத் தொட்டன.

பின்னறையில் ஃப்ரீசர் முனகியது.

பாக்கியலக்ஷ்மியின் கை, ஒரு சாண் இடைவெளியில், முன்னே போகாமல், பின்னே வராமல் நின்றது.

மீட்டர் ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை.